அசைவுக்கு முந்தைய ஆயத்தம்

செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் மனநிலையோடு சேர்த்தே அறிமுகமாகியிருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகள் பலவும் நரம்புச் சந்திப்புகளில் அதன் இருப்பைக் கூட்டுவதால், அதை மகிழ்ச்சியின் வேதிப்பொருள் என்று எழுதும் வழக்கம் நாளிதழ்களிலும் வேரூன்றிவிட்டது. ஆனால் அதைச் செய்யும் நரம்பணுக்கள் மூளையில் எங்கே இருக்கின்றன, அவற்றின் இழைகள் எங்கெங்கே போய் முடிகின்றன என்று பார்த்தால், உடல் அசைவோடு அதற்குள்ள உறவு மனநிலையோடுள்ள உறவைவிடச் சிறிதும் குறைந்ததன்று என்பது விளங்கும். அந்த உறவின் நுணுக்கங்கள் பெரும்பாலும் எலிகளிடமிருந்தே கற்றுக்கொள்ளப்பட்டவை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த அந்த ஆய்வுகளின்படி, செரோட்டோனின் எந்தத் தசைக்கும் நேராகக் கட்டளையிடுவதில்லை. கட்டளை வந்து சேரும்போது அதை ஏற்று நிறைவேற்ற இயக்க நரம்பணுக்கள் எவ்வளவு ஆயத்தமாக இருக்கின்றன என்பதையே அது முடிவு செய்கிறது. அந்த ஆயத்தம் கூடுவதும் குறைவதும், செரோட்டோனினைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பி எந்த வகையைச் சேர்ந்தது, அது எந்த அணுவின் எந்தப் பகுதியில் அமர்ந்திருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அமைகிறது.

மூளைத்தண்டு என்பது பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் பகுதியாகும். மேலிருந்து கீழாக நடுமூளை, பான்ஸ், முகுளம் என மூன்று பிரிவுகளைக் கொண்ட அப்பகுதியில்தான் மூச்சு, இதயத்துடிப்பு, விழுங்குதல், மெல்லுதல், முகத்தசைகளின் அசைவு ஆகியவற்றை ஆளும் நரம்பணுத் திரள்கள் உள்ளன. அதன் நடுக்கோட்டை ஒட்டி மேலிருந்து கீழ்வரை வரிசையாக அமைந்த திரள்களுக்கு ரேஃபே உட்கருக்கள் என்று பெயர். மூளையின் செரோட்டோனின் ஏறத்தாழ முழுவதும் இங்கிருந்தே புறப்படுகிறது. எலியின் மூளையில் சுமார் 20 கோடி நரம்பணுக்கள் இருக்க, செரோட்டோனினைச் செய்பவை சில பத்தாயிரம் மட்டுமே. ஆயினும் அவை ஒவ்வொன்றும் எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து பரவுவதால், அவற்றின் இழைகள் எட்டாத பகுதி மூளையிலோ தண்டுவடத்திலோ அரிது.

இந்த அமைப்பின் வரைபடம் கிடைத்தது 1964இல். ஃபார்மால்டிஹைடு ஆவியில் பதப்படுத்திய மூளைத் திசுவைப் புறஊதா ஒளியில் பார்த்தால் செரோட்டோனின் உள்ள அணுக்கள் மஞ்சளாகவும், டோபமின், நார்அட்ரினலின் உள்ளவை பச்சையாகவும் ஒளிரும் என்பதை ஸ்வீடனின் பெங்ட் ஃபால்க்கும் நில்ஸ்-ஓகே ஹிலார்ப்பும் சில ஆண்டுகளுக்கு முன்பே நிறுவியிருந்தனர். அந்த முறையைக் கொண்டு அனிக்கா டால்ஸ்ட்ரோமும் ஷெல் ஃபுக்ஸேவும் எலியின் மூளைத்தண்டைச் சீவல் சீவலாக ஆராய்ந்து, செரோட்டோனின் அணுக்களை ஒன்பது திரள்களாகப் பிரித்துக் காட்டினர். மேற்பகுதித் திரள்கள் பெருமூளையை நோக்கி இழைகளை அனுப்புகின்றன. முகுளத்திலுள்ள கீழ்ப்பகுதித் திரள்கள் தண்டுவடத்தை நோக்கி அனுப்புகின்றன. கீழ்நோக்கி இறங்கும் இழைகளுள் கணிசமானவை, தசைகளுக்கு நேரடியாக இழை அனுப்பும் இயக்க நரம்பணுக்களைச் சூழ்ந்தே முடிகின்றன. வேறெந்தச் சோதனையும் செய்யப்படாத நிலையிலும், இந்த ஒரு வரைபடமே செரோட்டோனினுக்கும் அசைவுக்கும் தொடர்பு உண்டு என்பதை உரக்கச் சொல்லியிருக்கிறது எனலாம்.

அணுவிலிருந்து வெளியேறும் செரோட்டோனின் தானாக எதையும் செய்துவிடுவதில்லை. அண்டை அணுவின் மேற்சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி எனப்படும் புரதத்தோடு அது பொருந்தும்போதுதான் விளைவு தொடங்குகிறது. இரண்டு வகை ஏற்பிகள் இருக்கக்கூடும் என்று 1957இல் ஜான் கேடமும் அவருடைய உடன்பணியாளரும் கினிப்பன்றியின் குடலை வைத்து ஊகித்தனர். மூளையிலேயே இரு வகைகள் உண்டு என்பதை 1979இல் ஸ்டீவன் பெரூட்காவும் சாலமன் ஸ்னைடரும் காட்டினர். இன்று ஏழு குடும்பங்களில் குறைந்தது 14 வகைகள் அறியப்பட்டுள்ளன. குடும்பத்தை எண்ணாலும் உட்பிரிவை எழுத்தாலும் குறித்து 1ஏ, 2ஏ, 2சி என அவை அழைக்கப்படுகின்றன. மூன்றாம் குடும்பம் மட்டும் அயனிகள் புகும் வாயிலாகவே அமைந்து நொடியின் சிறு பகுதிக்குள் செயல்படுகிறது. மற்றவை யாவும் அணுவுக்குள் இருக்கும் ஜி-புரதங்கள் வழியாகச் செய்தி அனுப்பி, சற்று மெதுவாக, ஆனால் நீடித்த மாற்றத்தை உண்டாக்குகின்றன. அசைவைப் பொறுத்தவரை நினைவில் கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. 1ஏ ஏற்பி தூண்டப்படும்போது பொட்டாசிய வாயில்கள் திறந்து அணு அடங்குகிறது. 2ஏ, 2சி ஏற்பிகள் தூண்டப்படும்போது சிலவகைப் பொட்டாசிய வாயில்கள் மூடி அணு எளிதில் கிளர்ந்தெழும் நிலைக்கு வருகிறது. ஒரே வேதிப்பொருள் ஓரிடத்தில் அடக்குவதும் மற்றோரிடத்தில் எழுப்புவதும் இதனால்தான்.

செரோட்டோனின் அளவுக்கு மீறினால் அசைவுக்கு என்ன நேரும் என்பதை 1971இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் டேவிட் கிரகாம்-ஸ்மித் விரிவாகப் பதிவு செய்தார். செரோட்டோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தையும், செரோட்டோனினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது எலிகளிடம் விந்தையான நடத்தைத் தொகுதி ஒன்று தோன்றியது. அவற்றின் உடல் நடுங்கியது. தலை இருபுறமும் ஆடியது. முன்கால்கள் நின்ற இடத்திலேயே மாறிமாறி மிதித்தன. பின்கால்கள் அகன்று விரிந்தன. வால் விறைத்து நின்றது. இவை தனித்தனியே பார்த்தால் எலியின் இயல்பான அசைவுகளின் துண்டுகளே. அவற்றைக் கோத்து ஒரு நோக்கத்துக்குச் செலுத்தும் ஒழுங்கு மட்டும் குலைந்துபோயிருந்தது.

இந்த நடத்தை மூளையின் எப்பகுதியிலிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் பேரி ஜேக்கப்ஸும் ஹாரி கிளெம்ஃபஸும் 1975இல் விடை கண்டனர். எலியின் மூளைத்தண்டைக் குறுக்கே துண்டித்துப் பெருமூளையின் தொடர்பை நீக்கிய பிறகும் அந்த அசைவுகள் தோன்றின. ஆகவே அவற்றுக்கு மூளைத்தண்டும் தண்டுவடமுமே போதும் என்று நிறுவப்பட்டது. அத்தகைய சோதனையின் கடுமையை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆயினும் செரோட்டோனினின் அசைவுப் பணி மூளையின் அடித்தளத்திலேயே நடக்கிறது என்ற முடிவு, பின்வந்த ஆய்வுகள் அனைத்துக்கும் திசைகாட்டியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னர் 1ஏ ஏற்பியை மட்டும் தேர்ந்து தூண்டும் 8-ஓஎச்-டிபிஏடி என்ற சேர்மம் கிடைத்தபோது, முன்கால் மிதித்தலும் உடல் தரையோடு தட்டையாகப் படிவதும் அந்த ஏற்பியின் விளைவுகள் எனத் தெரிந்தது; எலி தன் சொந்தச் செரோட்டோனினை இழந்த பின்னும் அவை தோன்றியதால், மருந்து செயல்படுவது செரோட்டோனினை அனுப்பும் அணுக்களில் அன்று, பெறும் அணுக்களில் என்பதும் உறுதியாயிற்று. நனைந்த நாய் உடலை உதறுவது போன்ற உதறலோ இரண்டாம் குடும்ப ஏற்பிகளின் கணக்கில் சேர்ந்தது.

எலியிடம் கண்ட இத்தொகுதிக்கு ஒத்த நிலை மனிதர்களுக்கும் வருவதுண்டு. செரோட்டோனினைக் கூட்டும் இரு மருந்துகளை முறையின்றிச் சேர்த்து உட்கொள்வோருக்கு நடுக்கம், கால்தசைகள் தாளம்போல் துடிப்பது, விறைப்பு, காய்ச்சல், குழப்பம் ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்கள் இதைச் செரோட்டோனின் நோய்க்குறித் தொகுதி என்கின்றனர். மனச்சோர்வு மருந்துகளை மருத்துவரின் அறிவுரையின்றி மாற்றவோ சேர்க்கவோ கூடாது என்று வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அளவு மீறிய நிலையிலிருந்து இயல்பு நிலையை ஊகிப்பது எப்போதும் சரியாக அமையாது. இயல்பான அளவில் செரோட்டோனின் இயக்க நரம்பணுவிடம் என்ன செய்கிறது என்பதைத் தெளிவுபடுத்திய ஆய்வு 1979இல் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மெக்கால், ஜார்ஜ் அகஜானியன் ஆகியோர் செய்ததாகும். எலியின் மூளைத்தண்டில் முகத்தசைகளை ஆளும் முகநரம்பு உட்கருவுக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி, தனித்தனி நரம்பணுக்களின் மீது மிகச் சிறிய அளவில் செரோட்டோனினை விடுவித்தபோது, அமைதியாக இருந்த அணு அமைதியாகவே இருந்தது. அடுத்து, கிளர்ச்சியூட்டும் நரம்புச் செய்தியாகச் செயல்படும் குளுட்டமேட்டை, அணுவைத் துடிக்க வைக்கப் போதாத அளவில் விட்டபோதும் எதுவும் நிகழவில்லை. இரண்டையும் சேர்த்து விட்டபோதுதான் அணு துடிக்கத் தொடங்கியது. நாணேற்றிய வில் தானாக அம்பை எய்வதில்லை, நாணேற்றாத வில்லால் எய்யவும் இயலாது. செரோட்டோனின் செய்வது நாணேற்றும் வேலை, அம்பை விடுவிப்பது குளுட்டமேட். அடுத்த ஆண்டு அணுவின் உட்புறத்திலிருந்தே மின்னழுத்தத்தை அளந்தபோது, செரோட்டோனின் பட்டதும் பொட்டாசியக் கசிவு குறைந்து அணுவின் உள்மின்னழுத்தம் துடிப்பெல்லையை நோக்கி மெல்ல நகர்வதும், அந்நிலையில் சிறு தூண்டலுக்கும் அது பெரிதாக எதிர்வினையாற்றுவதும் வெளிப்பட்டன.

முகநரம்பு உட்கரு எலிக்கு எவ்வளவு முதன்மையானது என்பதை அதன் மீசையே காட்டும். எலி இருட்டில் வழியறிவதற்குத் தன் மீசைமயிர்களை நொடிக்கு ஐந்திலிருந்து ஒன்பது முறை வரை முன்னும் பின்னும் வீசி எதிரிலுள்ளவற்றைத் தடவிப் பார்க்கிறது. அந்த வீச்சுக்கான தசைகள் முகநரம்பு உட்கருவின் ஆளுகையில் உள்ளன. 2003இல் அலெக்சிஸ் ஹாட்டாக்ஸ், யிங் லீ, அசாஃப் கெல்லர் ஆகியோர் மேரிலாந்தில் நடத்திய ஆய்வில், உடலிலிருந்து பிரித்தெடுத்த மூளைத்தண்டுச் சீவலில் செரோட்டோனினைச் சேர்த்ததும் மீசை நரம்பணுக்கள் வீச்சின் வேகத்துக்கு ஒத்த சீரான தாளத்தில் துடித்தன. உயிருள்ள எலியின் ஒருபக்க உட்கருவில் இரண்டாம் அல்லது மூன்றாம் குடும்ப ஏற்பிகளைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது அந்தப் பக்க மீசையின் வீச்சு அடங்கியது. செரோட்டோனின் அணுக்கள் மீசைத் தாளத்தைப் பிறப்பிக்கும் சுற்றின் பகுதி என்று அவர்கள் கருதினர். பத்தாண்டுகள் கழித்து ஜெஃப்ரி மூர், மார்ட்டின் டெஷேன், டேவிட் கிளைன்ஃபெல்ட் ஆகியோர், மூச்சுத் தாளத்தைப் பிறப்பிக்கும் பகுதிக்கு அருகே முகுளத்தில் மீசைக்கெனத் தனியாக ஒரு தாளப் பகுதி இருப்பதையும், மோப்பம் பிடிக்கையில் மூச்சின் தாளமே அதை நடத்துவதையும் கண்டறிந்தனர். இவ்விரு முடிவுகளையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகக் கொள்ள வேண்டியதில்லை; தாளம் வேறிடத்தில் பிறந்தாலும், அதைத் தசைவரை கொண்டு செல்லும் நரம்பணு ஆயத்தமாக இல்லாவிட்டால் மீசை அசையாது என்று இரண்டையும் இணைத்துப் படிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

செரோட்டோனின் அணுக்கள் தாமே எப்போது துடிக்கின்றன என்ற கேள்விக்கான விடை எலியிடமிருந்தன்றிப் பூனையிடமிருந்து வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேரி ஜேக்கப்ஸும் காசிமிர் ஃபோர்னலும் தடையின்றி நடமாடும் பூனைகளின் ரேஃபே உட்கருக்களில் பல ஆண்டுகள் பதிவு செய்தனர். விழித்திருக்கும்போது அவ்வணுக்கள் நொடிக்குச் சில முறை என்ற மெதுவான, கடிகாரம்போல் ஒழுங்கான வேகத்தில் துடித்தன. உறக்கம் ஆழ்ந்தபோது வேகம் குறைந்தது. கனவு மிகுந்த உறக்கத்தில், உடல் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும் அந்நேரத்தில், அறவே ஓய்ந்தன. நடத்தல், மெல்லுதல், உடலை நக்கித் தூய்மை செய்தல் போன்ற திரும்பத் திரும்ப நிகழும் அசைவுகளின்போது அவற்றுள் ஒரு பகுதி கூடுதல் வேகத்தில் துடித்தது. அசைவுக்குத் துணை நிற்பதும், அதே வேளையில் புலன்வழிச் செய்திகளின் வரவை மட்டுப்படுத்துவதுமே செரோட்டோனினின் அடிப்படைப் பணி என்ற கருதுகோளை அவர்கள் 1993இல் முன்வைத்தனர். உறக்கத்தில் மூச்சடைப்பு ஏற்படுவோரின் நாக்குத் தசைகள் தளர்ந்து தொண்டையின் மூச்சுப் பாதையை அடைப்பதில் செரோட்டோனின் ஓய்வுக்கும் பங்குண்டு என்று கருதி நடந்த ஆய்வுகளுக்கும் இக்கண்டுபிடிப்பே அடிப்படையாயிற்று.

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு செரோட்டோனின் அணுக்களை அழித்தால் எலி முடங்கிவிடும் என்று ஒருவர் எதிர்பார்க்கலாம். உண்மையில் நேர்ந்தது இதற்கு மாறானது. நடு ரேஃபே எனப்படும் மேற்பகுதித் திரளை மின்னோட்டத்தால் சிதைத்தபோது எலிகள் ஓய்வின்றி ஓடின. அணுக்களை அடக்கும் மஸ்கிமோல் என்ற சேர்மத்தை அதே இடத்தில் செலுத்தியபோதும் நடமாட்டம் பெருகியது. மேற்பகுதித் திரள்கள் பெருமூளைப் பகுதிகளுக்கு இழை அனுப்பி நடமாட்டத்தைக் கட்டுக்குள் வைக்கின்றன என்று இதற்கு முதலில் விளக்கம் தரப்பட்டது. ஆனால் செரோட்டோனின் இழைகளை மட்டும் தேர்ந்து அழிக்கும் நச்சைப் பயன்படுத்தியபோது அந்த அளவுக்கு ஓட்டம் தோன்றவில்லை. நடு ரேஃபேயில் செரோட்டோனினோடு தொடர்பில்லாத, குளுட்டமேட்டையும், அணுக்களை அடக்கும் நரம்புச் செய்தியான காபாவையும் பயன்படுத்தும் நரம்பணுக்களும் ஏராளமாக இருப்பதால், அந்த ஓட்டத்துக்கு அவற்றின் இழப்பும் காரணமாக இருக்கலாம். ஒரு மூளைப் பகுதியின் பெயரையும் ஒரு வேதிப்பொருளின் பெயரையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை இத்துறையில் நெடுங்காலம் நிலவியது. இன்றும் பொது எழுத்துகளில் அது நீங்கியபாடில்லை.

இதே ரேஃபே அணுக்களின் உடலிலும் 1ஏ ஏற்பி இருப்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. அங்கே அது தன் அணு வெளியிடும் செரோட்டோனினையே உணர்ந்து அவ்வணுவை அடக்குவதால், தன்னேற்பி எனப்படுகிறது. ஆகவே 1ஏ ஏற்பியைத் தூண்டும் மருந்து சிறிய அளவில் தன்னேற்பி வழியாகச் செரோட்டோனின் வெளியேற்றத்தைக் குறைக்கிறது. அளவு கூடும்போது பெறும் அணுக்களிலுள்ள அதே வகை ஏற்பியைத் தூண்டி, செரோட்டோனின் மிகுந்துவிட்டதைப் போன்ற அசைவுகளை உண்டாக்குகிறது. மருந்தின் பெயரும் ஏற்பியின் பெயரும் மாறாமலே விளைவு தலைகீழாகும் இந்நிலைக்கு, ஏற்பி அமர்ந்திருக்கும் இடத்தைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

மூளைத்தண்டிலிருந்து இறங்கும் இழைகள் நடையையே தொடங்கி வைக்க வல்லவை என்பதற்கான சான்று, பிறந்து சில நாள்களே ஆன எலிக்குட்டிகளிடமிருந்து கிடைத்தது. அவற்றின் மூளைத்தண்டையும் தண்டுவடத்தையும் பிரித்தெடுத்து உயிர்வளி ஊட்டிய திரவத்தில் வைத்தால் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். கால்கள் இல்லாவிட்டாலும், கால்களுக்குச் செல்லும் நரம்பு வேர்களில் இடமும் வலமும் மாறிமாறி எழும் மின்துடிப்பை நடையின் அடையாளமாகக் கொள்ளலாம். 1992இல் ஃபிரான்சின் மார்செய் நகரில் ஜான்-ரெனே காசலே குழுவினர், அத்திரவத்தில் செரோட்டோனினைச் சேர்த்து இந்த நடைத்துடிப்பை எழுப்பிக் காட்டினர். 2005இல் கனடாவின் வின்னிபெக்கில் ஜுன் லியூவும் லேரி ஜோர்டனும் மேலும் ஒரு படி சென்று, முகுளத்தின் அடிப்புறத்தில் செரோட்டோனின் அணுக்கள் உள்ள ஒரு பகுதியை மின்னால் தூண்டியே அதே துடிப்பைப் பெற்றனர். தண்டுவடத்தின் வெவ்வேறு பகுதிகளில் தடுப்பு மருந்துகளைத் தனித்தனியே இட்டுப் பார்த்ததில், இடுப்புப் பகுதியின் மேற்புறத்தில் தாளத்தைப் பிறப்பிக்க 7ஆம் குடும்ப ஏற்பியும், அதற்குக் கீழே இயக்க நரம்பணுக்களின் மட்டத்தில் 2ஏ ஏற்பியும் தேவைப்படுவது தெரிந்தது.

தண்டுவடம் அறுபட்டால், கீழ்ப்பகுதி தனக்கு வந்துகொண்டிருந்த செரோட்டோனினை ஏறத்தாழ முழுவதும் இழக்கிறது. ஏற்பிகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. அவற்றை மருந்தால் தூண்டினால் நடை திரும்புமா என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. 2009இல் கிரேகுவார் கூர்த்தினும் உடன்பணியாளர்களும், தண்டுவடம் முழுமையாக அறுபட்ட எலிகளுக்கு 1ஏ, 2ஏ ஏற்பிகளைத் தூண்டும் மருந்துகளைக் கொடுத்து, தண்டுவடத்தின் மேலுறைமீது மின்தூண்டலும் அளித்து, ஓடுபட்டையில் பயிற்சி தந்தபோது, அவை தம் உடல் எடையைப் பின்கால்களில் தாங்கியபடி அடியெடுத்து வைத்தன. மூளையிலிருந்து ஒரு கட்டளைகூடக் கீழே வராத நிலையில் நிகழ்ந்த நடை அது.

அடுத்த ஆண்டு கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் பென்னட் குழுவினர் வெளியிட்ட கண்டுபிடிப்பு இன்னும் வியப்பானது. தண்டுவடம் அறுபட்ட சில வாரங்களில், எந்த மருந்தும் தராமலே, எலிகளின் இயக்க நரம்பணுக்கள் இழந்த கிளர்ச்சித்திறனை மீட்டுக்கொள்கின்றன. அவற்றிலுள்ள 2சி ஏற்பிகள், செரோட்டோனின் வந்து பொருந்தாதபோதும் தாமாகவே செய்தி அனுப்பும் வடிவத்துக்கு மாறிவிடுவதே அதற்குக் காரணம். செரோட்டோனின் பொருந்துவதை மட்டும் தடுக்கும் மருந்து இங்கே பயன்படவில்லை, ஏனெனில் தடுப்பதற்குச் செரோட்டோனினே அங்கில்லை. ஏற்பியின் தன்னியக்கத்தையே நிறுத்தும் மருந்துதான் பலித்தது. இவ்வாறு நிறுத்தும் மருந்துகளுள் ஒன்று, ஒவ்வாமைக்கும் பசியின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் சிப்ரோஹெப்டடின்; செரோட்டோனின் மிகுதியால் நேரும் நோய்க்குறித் தொகுதிக்கும் மருத்துவர்கள் அதையே நாடுவதுண்டு. தண்டுவடக் காயமுற்றோரைப் பெரிதும் வருத்தும் தசை இசிவுக்கு இந்தத் தன்னியக்க ஏற்பிகள் பொறுப்பாவதால், அவற்றை அடக்கினால் இசிவு குறையும். ஆனால் தண்டுவடம் முற்றிலும் அறுபடாமல் ஓரளவு நடை மீண்டிருந்த எலிகளில் அதே ஏற்பிகளை அடக்கியபோது, பின்கால்கள் உடல் எடையைத் தாங்கும் வலுவையும் இழந்தன. இசிவைத் தணிக்க மருந்தளிக்கும் மருத்துவர், நோயாளி எழுந்து நிற்க உதவும் வலுவும் அதே ஏற்பியிலிருந்து வருகிறதா என்பதைப் பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.